மோசடிக்காரனிடம் பேச்சுக் கொடுக்க எந்த நம்பர்?

"உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது" என்று மிரட்டுகிறவனை இழுத்தடிப்பது நல்ல வேலை என்றுதான் நினைக்கிறேன். என்னோடு பேசும் நேரத்தில் அவனால் இன்னொரு வயதானவரை மிரட்ட முடியாது. ஆனால் எந்த நம்பரில் பேசுவது? சொந்த நம்பர், இணைய நம்பர் தரும் ஆப், தனி சிம் என்று மூன்றையும் பார்த்துவிட்டு நான் தனி சிம்முக்கு வந்தேன்.

ஆப்பில் பெரும்பாலும் வெளிநாட்டு எண்தான் கிடைக்கும். உள்ளூர்க் கும்பல் உஷாராகிவிடும். கொஞ்ச நாள்தான் பயன்படுத்தினேன், அதனால் தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன். வேறொருவர் எண்ணைத் திரையில் காட்டும் வித்தைப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சொந்த நம்பரில் செலவில்லை, சரி. ஆனால் அந்தப் பத்து இலக்கம் போதும். யுபிஐ ஆப்பில் தட்டினால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் வருகிறது. வாட்ஸ்அப்பில் பிள்ளைகளோடு எடுத்த படம். ட்ரூகாலரில் யாரோ சேமித்து வைத்த பெயர், சில சமயம் தொழிலும் ஊரும் சேர்த்து. அவன் கடுப்பாகி ஓடிபி மழை பொழிய வைத்தாலும் நம்பரை மாற்ற முடியாது; வங்கி, ஆதார், கேஸ் எல்லாம் அதில்தான். தூக்கிப் போட முடியாத நம்பரை அவன் கையில் கொடுக்கக் கூடாது. எனக்கு முடிவு செய்ய இதுவே போதுமாக இருந்தது.

தனி சிம்மும் என் பெயரில்தான், முறையாக வாங்கியது. போலீஸ் கேட்டால் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதில் யுபிஐ இல்லை, வாட்ஸ்அப்பில் படம் இல்லை, பழைய போனில் தொடர்புகளும் இல்லை. பராமரிப்பும் பெரிதில்லை: 90 நாள் பயன்படுத்தாவிட்டால் துண்டிப்பார்கள், 20 ரூபாய் இருப்பு இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் தருவார்கள்.

ஆனால் அதிலிருந்து நாமாகக் கூப்பிடக் கூடாது. அழைப்பவரின் பெயரைக் காட்டும் வசதியை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. அது வந்துவிட்ட இடங்களில் சிம் வாங்கும்போது கொடுத்த பெயரே அவன் திரையில் விழும். தவிர, நம் திரையில் தெரிந்த எண் அவனுடையதாகவே இருக்கும் என்றும் இல்லை. திருப்பி அழைத்தால் சம்பந்தமே இல்லாத ஒருவர் எடுக்கலாம்.

நம் ஆதார் எண்ணையும் முகவரியையும் எடுத்த எடுப்பில் சொல்கிறவனிடம் எந்த சிம்மும் உதவாது. அங்கே விளையாட வேண்டாம். துண்டித்துவிட்டு சஞ்சார் சாத்தி என்ற அரசு இணையதளத்தில் உள்ள சக்ஷு பக்கத்தில் புகார் கொடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.