மகள் வீட்டுப் பின்னால் வீடு கட்டப் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

"சின்ன வேலைதானுங்க டீச்சர், தொண்ணூறு நாள்ல சாவியைக் கையில குடுத்திடறேன்." இப்படிச் சொல்லித்தான் அந்தக் கான்ட்ராக்டர் எங்களிடம் முதல் ஒன்றரை லட்சத்தை வாங்கினார். அது 2025 தை மாதம். இன்றுவரை அவர் சாவி தரவில்லை. இப்போது தொங்குகிற பூட்டு நாங்கள் கடையில் வாங்கிப் போட்டது.

வயசான காலத்தில் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கலாம் என்று, இருக்கிற இடத்தில் ஒரு ரூம் போடுகிறவர்கள் சேலத்தில் இப்போது நிறையப் பேர். கன்னங்குறிச்சி, கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று எங்கே போனாலும் ஒரு வீட்டுக்குப் பின்னாலாவது ஜல்லி கொட்டிக் கிடக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. வழக்கு நடக்கிறது, அதனால்.

நான் ஏற்காட்டில் முப்பத்தொரு வருஷம் ஆசிரியையாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே வாடகை வீட்டில் இருந்தோம். எங்க வீட்டுக்காரருக்கு 2023-ல் பக்கவாதம் வந்தது. இடது கால் சரியாக வராது, வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். அந்த வீடு ரோட்டிலிருந்து பதினாறு படி இறங்கி இருந்தது. மாதாமாதம் செக்கப்புக்கு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறினால் அவருக்கு இரண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது. மகள் கன்னங்குறிச்சியில் இருக்கிறாள், அஞ்சு சென்ட் இடம். பின்னால் ஒரு துவைக்கிற கல்லும் முருங்கை மரமும் இருந்த இடம் சும்மா கிடந்தது. மாப்பிள்ளைதான் முதலில் பேச்செடுத்தார். "அத்தை, மாடி எடுத்தா மாமாவால ஏற முடியாது. பின்னாடி ஒரு ரூம் போட்டுக்கலாம், எந்நேரமும் நாங்க பார்த்துக்குவோம்." அந்த வார்த்தையே எனக்குப் போதுமாக இருந்தது.

இருபதுக்குப் பத்தொன்பது அடி, 380 சதுர அடி. படுக்கை அறை ஒன்று, சமையல் மேடை, குளியலறை, முன்னால் ஒரு சின்னத் திண்ணை. சதுர அடி 2,300 ரூபாய் என்று பேசி, மொத்தம் 8,74,000. நான் கான்ட்ராக்டரிடம் மூன்று விஷயம் திரும்பத் திரும்பக் கேட்டேன். மகள் சமையலறை வாசலும் எங்கள் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். குளியலறைக் கதவு மூன்றடி அகலம் வேண்டும். குளியலறைக்கு வாசப்படித் தடுப்பு கூடாது. மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதவில்லை. அதில் சதுர அடி கணக்கும் தவணையும் மட்டும்தான் இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் தப்பு அது.

இரண்டாவது, ஆளைச் சரியாக விசாரிக்கவில்லை. மாப்பிள்ளையின் சகலைக்குத் தெரிந்தவர். அழகாபுரத்தில் ஒரு வீட்டைக் காட்டி "நான் கட்டினது" என்றார். நாங்கள் தெருவில் நின்று பெயிண்டைப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். அந்த வீட்டுக்காரரிடம் தனியாக ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும். வீட்டைக் கட்டியது வேறொருவர், இவர் செய்தது காம்பவுண்டு சுவர் மட்டும்.

இனி பணம் போன கதை. பத்திரப்படி அட்வான்ஸ் ஒன்றரை, பேஸ்மெண்ட் (தரைக்கு அடியில் வரும் மேடை) முடிந்தால் ஒன்றரை, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை) மட்டத்தில் ஒன்றரை, மேல்தளம் போட்டபின் இரண்டு, பூச்சு முடிந்தால் ஒன்றரை, மீதி சாவி தரும்போது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் வந்து வாசலில் நிற்பார். "ஆளுங்களுக்குச் சம்பளம் போடணும் டீச்சர், இல்லைன்னா திங்கக்கிழமை வேற சைட்டுக்குப் போயிடுவாங்க." பின்னால் சித்தாள் அம்மாக்கள் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தபின் இல்லை என்று சொல்ல வாய் வராது. இருபதாயிரம், முப்பதாயிரம் என்று கொடுத்தேன். மேல்தளம் போடும் முன்பே, பூச்சுக்கான பணத்திலும் பாதி அவர் கைக்குப் போயிருந்தது. நான் வேலையைப் பார்த்துப் பணம் கொடுக்கவில்லை, அவர் அவசரத்தைப் பார்த்துக் கொடுத்தேன். பிற்பாடு அந்தச் சித்தாள் அம்மா ஒருவர் சொன்னார், இரண்டு வாரச் சம்பளம் அவர்களுக்கே பாக்கியாம்.

அஸ்திவாரத்தில் மூன்றடியிலேயே சுக்காம்பாறை வந்துவிட்டது. அது நல்லதுதான், கெட்டியான தரை. ஆனால் பாறை உடைத்த கூலி என்று தனியாக 18,000 வாங்கினார். பேசினது ஐந்தடி, தோண்டியது மூன்றடி, மிச்சமான இரண்டடிக்குக் கல்லும் கலவையும் குறைந்ததே என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்புறம் பேஸ்மெண்டை ஒன்றரை அடி தூக்கிவிட்டார். "மழைத் தண்ணி உள்ள வந்துடுமுங்க, உங்க நல்லதுக்குத்தான்" என்றார். ஏற்காட்டில் படிக்குப் பயந்து கீழே வந்தவர்களுக்கு, வாசலிலேயே மூன்று படி. சாய்தளம் வைத்துத் தருகிறேன் என்றார். வீல் சேரோ வாக்கரோ பத்திரமாக ஏற வேண்டுமென்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஏழடி. அவர் வைத்த சாய்தளத்தில் எங்க வீட்டுக்காரர் ஒரு தடவைகூட ஏறியதில்லை. அவ்வளவு செங்குத்து.

மேல்தளம் போட்டது ஏப்ரல் கடைசியில், நல்ல கத்திரி வெயிலுக்கு முன்னால். அன்றைக்கு நாங்கள் ஊரில் இல்லை, ஏற்காட்டில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தோம். "நீங்க வர்ற வரைக்கும் நிறுத்தி வைக்கிறேன்" என்று போனில் சொன்னவர், மறுநாள் காலையிலேயே கான்கிரீட் கலக்கும் மிக்சரைக் கொண்டுவந்துவிட்டார். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் மகளும் பேரனும்தான். பேரனுக்கு எட்டு வயசு. காலிச் சிமெண்ட் சாக்குகளை உதறி அடுக்கி விளையாடியிருக்கிறான். நான் வந்ததும் "அம்மாயி, இருபத்திநாலு சாக்கு!" என்று காட்டினான். அடுக்கினதில் சந்தோஷம் அவனுக்கு. எனக்கும் அப்போது ஒன்றும் புரியவில்லை.

அந்த இருபத்திநாலு என்ன என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். அவர் என் முன்னால் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். 380 சதுர அடிக்கு ஐந்து அங்குல கனம் என்றால் சுமார் 158 கன அடி, நாலரை கன மீட்டர். சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை போகும். ஆக 36 மூட்டை. பன்னிரண்டு மூட்டை எங்கள் தலைக்கு மேல் இல்லை.

கம்பியும் அப்படித்தான். கம்பிக்கு அடியில் சின்னச் சிமெண்ட் கட்டைகள் வைப்பார்கள், கவர் பிளாக் என்பார்கள். தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர் உயரம். அது இருந்தால்தான் கம்பி கான்கிரீட்டுக்குள் மூடிக் கிடக்கும். இங்கே கம்பி நேராக, கான்கிரீட்டைத் தாங்க அடியில் போடும் தகரத்தின்மேல் கிடந்திருக்கிறது. ஐந்தாம் நாளே அந்தத் தகரமும் முட்டும் சேர்ந்த சென்ட்ரிங்கைக் கழற்றினார்கள், வேறு சைட்டுக்கு வேண்டுமாம். முட்டுகளை ஏழு நாளாவது விட வேண்டும். கழற்றியபோது அடியிலிருந்து பார்த்தால் துருப்பிடித்த கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. "பூச்சுல மறைஞ்சிடுமுங்க" என்றார். மறைந்தது. கான்கிரீட் இறுகத் தண்ணீர் விடுவதும் மூன்று நாளோடு சரி. மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவே இல்லை, ஒரு ஆள் காலையில் ஹோஸ் பிடித்துவிட்டுப் போவார். அந்த வெயிலில் பத்து மணிக்கெல்லாம் தளம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும்.

மே மாதம் சேர்வராயன் மலைப் பக்கமிருந்து வந்த முதல் கோடை மழையிலேயே படுக்கை அறை மூலையில் ஒழுகியது. "தட்டோடு பதிச்சா நின்னுடும்" என்றார். மேல்தளத்தின்மேல் பதிக்கிற தட்டையான ஓடு அது. பதிக்கவே இல்லை.

அப்படி இப்படி என்று ஆனியில் உள்பூச்சும் டைல்ஸும் முடிந்தது. ஆடியில் குடிபோக மாட்டோம் என்று அவருக்குத் தெரியும், அந்த ஒரு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. ஆடி முடிந்து போன் செய்தால் எடுக்கவில்லை. மாப்பிள்ளை நேரில் போய்ப் பிடித்தபோது, சாமான் விலை ஏறிவிட்டது, இன்னும் இரண்டு லட்சம் தந்தால்தான் ஆள் அனுப்ப முடியும் என்றார். அதுவரை கொடுத்தது 7,40,000. வெளிப்பூச்சு, பெயிண்ட், தட்டோடு எதுவும் இல்லை. ஏற்காட்டு வீட்டைக் காலி செய்துவிட்டோம், மகள் வீட்டு ஹாலில் கட்டில் போட்டு இவரைப் படுக்க வைத்திருந்தோம். வேறு வழியில்லாமல் ஆவணியில் பால் காய்ச்சி அந்த அரைகுறை வீட்டுக்கே போனோம்.

முதல் நாள் காலையில் இவரைக் குளிப்பாட்ட ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் சாக்கடைத் துளைப் பக்கம் போகவில்லை. ஒரு நிமிஷம் டைல்ஸ் மேலே அப்படியே நின்றது, பிறகு மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பியது. வாசப்படித் தடுப்பு வேண்டாம் என்று நான்தானே கேட்டிருந்தேன், அதை மட்டும் சொன்னபடி செய்திருந்தார். நுரையோடு தண்ணீர் அறைக்குள் போய், கட்டில் கால் வரைக்கும் போய் நின்றது. துளை இருக்கிற மூலை அரை அங்குலம் மேடு. கதவும் மூன்றடி இல்லை, இரண்டே கால் அடி. வாக்கரை மடக்கி, நான் பின்னாலிருந்து பிடித்துத்தான் உள்ளே கூட்டிப்போக வேண்டும். புரட்டாசியில் ஒரு ராத்திரி, நான் தூங்கிவிட்டேன், இவர் தனியாக எழுந்து ஈரத்தில் கால் வைத்துச் சரிந்துவிட்டார். கட்டிலைப் பிடித்ததால் மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. அன்றைக்குத்தான் இனிமேல் சும்மா இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

இன்னொன்றும் வெளியே வந்தது. பிளான் அப்ரூவலுக்கு என்று 45,000 தனியாக வாங்கியிருந்தார். அப்படி ஒரு விண்ணப்பமே போடவில்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி வாங்கும் வசதியைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் கொண்டுவந்தது. யாராவது "நான் பார்த்துக்கிறேன்" என்று பணம் கேட்டால் விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம் போக வேண்டும். எங்கள் இடம் மாப்பிள்ளை பெயரில், ஒப்பந்தம் என் பெயரில். அதைக்கூட ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

எங்கே புகார் செய்வது என்று அலைந்ததில் ஒரு மாதம் போனது. போலீஸில் "இது சிவில் மேட்டர்மா" என்றார்கள். ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம், என்றார் ஒருவர். அது மனை, ஃபிளாட் என்று விற்கிறவர்களுக்கானது. சொந்த இடத்தில் ஆள் வைத்துக் கட்டுகிற நமக்கு உதவாது. உதவுவது நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருஷச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவை என்றே எழுதியிருக்கிறது. கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், சேலத்திலேயே இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, எங்களுக்கு 200 ரூபாய் ஆனது. குறை நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன், தமிழிலேயே பேசினார்கள்.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி "பணம் எப்படிக் கொடுத்தீங்க?" என்பதுதான். அட்வான்ஸும் லிண்டல் வரைக்குமான தவணைகளும் பேங்க் வழியாகப் போனது. சனிக்கிழமைப் பணம் எல்லாம் ரொக்கம், கிட்டத்தட்ட மூன்று லட்சம், ஒரு சீட்டு இல்லை. என் டைரியில் தேதி போட்டு எழுதி வைத்திருந்ததும், "பணம் வந்துச்சுங்க டீச்சர்" என்று அவர் அனுப்பிய சில வாட்ஸ்அப் குரல் பதிவுகளும்தான் இப்போது கையில் இருக்கிற ஆதாரம். பேரன் தன் சாக்கு அடுக்கோடு நிற்கிற போட்டோவை மகள் எடுத்திருந்தாள். தேதியோடு அதுவும் வழக்கில் இருக்கிறது. கெட்டுப்போனதை உடனே இடித்துச் சரிசெய்துவிட வேண்டாம் என்றும் வக்கீல் சொன்னார். ஆணையம் அனுப்பிய கமிஷனர் வந்து அளந்து போட்டோ எடுக்கும் வரை, மூன்று மாதம் அந்தத் தண்ணீரைத் துணி போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தோம்.

அந்தப் பெரியவர் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் இப்படித் தெரிந்த ஒருவருக்கு, பேஸ்மெண்ட் போடும்போது ஒரு தடவை, கம்பி கட்டினபின் ஒரு தடவை, டைல்ஸுக்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்க்க தடவைக்கு இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்திருந்தால் போதும். சின்ன வேலைதானே என்று நாங்களும் நினைத்துவிட்டோம். தளம் பெரிய வீட்டுக்கும் தளம்தான், இதற்கும் தளம்தான்.

மேற்கூரை இன்னும் அப்படியே இருக்கிறது, மழைக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். குளியலறையை மட்டும் போன மாதம் வேறொரு மேஸ்திரியை வைத்து உடைத்துப் போட்டோம், கதவையும் மூன்றடியாக்கினோம். 62,000 ஆனது. அவர் ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து மூன்று நாள் வேலை செய்தார். முடிந்ததும் ஒரு வாளி தண்ணீரை எங்க வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து, "ஐயா, நீங்களே ஊத்திப் பாருங்க" என்றார். இவர் வாக்கரோடு உள்ளே போய் நின்று, ஒரு கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தார். தண்ணீர் நேராகத் துளைக்குப் போனது. இன்னொரு வாளி கேட்டார்.