பழைய இழைப்பு மெஷினில் பேரிங் மாற்றம்: நாள்பட்ட ஓட்டத்தில் தெரிந்தவை

இழைப்பு மெஷின் இரைந்தால் நேராகப் பேரிங் கடைக்கு ஓட வேண்டாம். பெல்ட்டைக் கழற்றி மோட்டாரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் கோளாறு மோட்டாரில். நின்றுவிட்டால் பெல்ட்டிலோ கட்டர் பிளாக்கிலோ (பிளேடுகள் பொருத்திய உருளை). பிறகு பிளக்கைப் பிடுங்கி, பிளேடுகளை எடுத்துவிட்டு, பிளாக்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைபடுவது போல விரலுக்குத் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பலகையில் சீராக அலை விழுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஒரு பிளேடு மற்றதைவிடக் கொஞ்சம் தூக்கி நின்றாலும் அதே அலைதான் விழும்.

வீட்டு மெஷின்களில் பரவலாக இருப்பது 6204 அல்லது 6205 எண் பேரிங். எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 6205 என்றால் 25 மி.மீ., வெளிவிட்டம் 52, அகலம் 15. கடையில் எண்ணை மட்டும் சொன்னால் பெரும்பாலும் இரும்புத் தகடு மூடிய இசட்இசட் வகையை எடுத்து நீட்டுவார்கள். மர வேலைக்கு அது போதாது. தகட்டுக்கும் உள்வளையத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. அதன் வழியே போகும் மாவுத்தூள் கிரீஸில் இருக்கும் எண்ணெயை உறிஞ்சி, உள்ளே வறண்ட பசையை மட்டும் விட்டுவைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வாங்குங்கள். ஆரம்பத்தில் சுற்றக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், அது சீலின் உரசல்தான். நாள்பட ஓட்டிப் பார்த்தால் இந்த ஒரு மாற்றம்தான் பெரிய வித்தியாசம் தருகிறது. விலை வித்தியாசமோ சொற்பம். போலிப் பெட்டிகள் நிறையப் புழங்குவதால் பில் கொடுக்கும் டீலரிடமே வாங்குவது நல்லது.

கழற்றும்போது புல்லரின் (பேரிங்கை இழுத்துக் கழற்றும் கருவி) கால்கள் உள்வளையத்தைப் பிடிக்க வேண்டும். பழைய பேரிங் எப்படியும் குப்பைக்குத்தானே என்று சுத்தியலால் தட்டினால் ஷாஃப்ட் (பிளாக்கின் அச்சுத் தண்டு) முனை விரிந்து, புதியது ஏறாது.

கழற்றியதும் புது பேரிங்கை மாட்டத் துடிக்காமல் ஷாஃப்ட்டைத் துடைத்துப் பாருங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் செம்பழுப்புத் தூளும் பளபளவென்ற தேய்மானமும் தெரிந்தால், உள்வளையம் ஷாஃப்ட்டின் மேலேயே வழுக்கிச் சுற்றியிருக்கிறது. 6205 உட்காரும் ஷாஃப்ட் மைக்ரோமீட்டரில் 25.002 முதல் 25.015 மி.மீ. வரை காட்டினால் நல்ல பிடிப்பு. புது பேரிங் கையாலேயே சரக்கென்று நுழைந்தால் அந்த மெஷினின் உண்மையான நோய் பேரிங் இல்லை. எத்தனை மாற்றினாலும் சத்தம் திரும்ப வரும். தேய்மானம் நூலிழை அளவுதான் என்றால் லாக்டைட் 641 (பேரிங்கை ஷாஃப்ட்டில் பிடிக்கவைக்கும் பசை) போதும். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்துவிட்டுப் பூச வேண்டும், சீல் பக்கம் வழியவிடக் கூடாது. அதற்கு மேல் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்து ஸ்லீவ் (மேலுறை வளையம்) போடச் சொல்லுங்கள். ஷாஃப்ட்டில் சென்டர் பஞ்சால் (கூர்முனைக் குத்துக் கருவி) புள்ளி புள்ளியாகக் குத்தி இறுக்கும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. குத்திய மேடுகள் சீக்கிரமே நசுங்கிப் பழைய கதைதான்.

ஏற்றும்போது விசை உள்வளையத்தில் மட்டும் விழ வேண்டும். அந்த அளவுக்கு ஒரு குழாய்த் துண்டு வைத்து அழுத்துங்கள். வெளிவளையத்தில் அடித்தால் அடி உள்ளே இருக்கும் குண்டுகள் வழியே அவை உருளும் பாதையில் இறங்கிப் பள்ளம் விழும், முதல் நாளிலிருந்தே உறுமும். ஹாட் ஏர் கன்னால் 80 டிகிரி வரை சூடாக்கினால் லேசாக ஏறிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கொதித்துத் தெறிக்கிறது என்றால் 100 தாண்டிவிட்டது, சீலுக்கு ஆகாது. சீல் உள்ள பேரிங்கை எண்ணெயில் போட்டுக் காய்ச்சவும் கூடாது.

இரண்டு பக்கப் பேரிங்கையும் ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் கூடு) இறுக்கிப் பூட்டிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. புல்லிப் (பெல்ட் ஓடும் சக்கரம்) பக்கம் மட்டும் பூட்டி, மறுபக்கம் நீளவாக்கில் நகர இடம் விடுங்கள். 400 மி.மீ. ஷாஃப்ட், ஹவுசிங்கைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 0.1 மி.மீ. நீளும். போக இடமில்லையென்றால் அந்த விசை முழுவதும் குண்டுகளின் மேல்தான்.

பெல்ட்டை வீணைத் தந்தி போல முறுக்கி வைப்பவர்கள் புல்லிப் பக்கப் பேரிங்கை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மி.மீ. தாழ வேண்டும், புது பெல்ட் கொஞ்சம் ஓடியதும் தளரும், அப்போது ஒருமுறை சரிசெய்தால் போதும்.

பேரிங் மாறினால் பிளாக்கின் உயரமும் மயிரிழை மாறியிருக்கும் என்பதால் பிளேடு செட்டிங்கைப் புதிதாகப் பார்த்தே ஆக வேண்டும். பின் மேஜையில் நேரான மரச்சட்டம் ஒன்றை பிளாக்கின் மேல் நீட்டி வைத்து, வெட்டும் திசையில் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு பிளேடும் சட்டத்தை 3 மி.மீ. அளவுக்கு இழுத்துப் போக வேண்டும், இரண்டு ஓரத்திலும் ஒரே அளவாக.

முதல் ஓட்டங்களில் ஹவுசிங் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும் கை வைக்க முடியாத சூடு என்றால் பூட்டையும் பெல்ட்டையும் மறுபடி பாருங்கள். சுத்தம் செய்யும்போது கம்ப்ரஸர் காற்றைப் பேரிங்கை நோக்கி அடிக்காதீர்கள், சீல் உதட்டைத் தாண்டித் தூள் உள்ளே போகும். பிரஷ் போதும்.