வால்வு கிதார் ஆம்ப்ளிஃபயர்: ஸ்டாண்ட்பை ஸ்விட்சா, மியூட் ஸ்விட்சா?

வீட்டிலேயே வால்வு (வெற்றிடக் குழாய்) கிதார் ஆம்ப்ளிஃபயர் கட்டும் பெங்களூர் நண்பர்கள் பலரும் இதைக் கேட்கிறார்கள்: இடைவேளையில் வால்வுகளைச் சூடாக வைத்தபடி உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் ஸ்டாண்ட்பை வைப்பதா, ஒலியை மட்டும் அடக்கும் மியூட் போதுமா? இரண்டு இஎல் 84 வால்வுகளும், ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ஜிஇசட் 34 ரெக்டிஃபயர் வால்வும் கொண்ட என் 15 வாட் ஆம்ப்ளிஃபயரில் மியூட்தான் வைத்திருக்கிறேன். மறுபடி கட்டினாலும் அதையே வைப்பேன்.

இருமுனை மெயின் ஸ்விட்ச், ஃபேஸில் ஃபியூஸ், சேசிஸில் உறுதியான எர்த். இவை எந்த வழிக்கும் கட்டாயம்.

கேத்தோடு (வால்வில் எலெக்ட்ரான்களை உமிழும் முனை) சூடாகுமுன் உயர் மின்னழுத்தம் வந்தால் அதன் பூச்சு உரிந்துவிடும் என்பது ஸ்டாண்ட்பை தரப்பின் வாதம். பல ஆயிரம் வோல்ட்டில் இயங்கும் பெரிய ஒலிபரப்பு வால்வுகளுக்கு அது நியாயமான கவலை. 350 வோல்ட்டில் ஓடும் நம் வால்வுகளுக்குப் பொருந்தாது. ஃபெண்டர் நிறுவனத்தின் சிறிய ஆம்ப்ளிஃபயர்களான சாம்பிலும் பிரின்ஸ்டனிலும் ஸ்டாண்ட்பையே கிடையாது. மின்னோட்டம் இல்லாமல் மணிக்கணக்கில் சூடாகக் கிடப்பதுதான் கேத்தோடுக்கு நல்லதல்ல.

என் முடிவைத் தீர்மானித்தது ஸ்விட்சின் ஆயுள். பெங்களூர் எஸ்.பி. ரோடு மின்னணுக் கடைகளில் வாங்கும் டாகிள் ஸ்விட்சில் பொதுவாக 250 வோல்ட் ஏ.சி. என்று பொறித்திருக்கும். நம் ஏ.சி. விநாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால், முனைகள் பிரியும்போது எழும் பொறி தானே அணைந்துவிடும். டி.சி.யில் அந்த வாய்ப்பே இல்லை. 350 வோல்ட்டில் பொறி நீண்டு நின்று முனைகளைக் கருக்கும். நாளடைவில் அவை ஒட்டிக்கொள்ளவும் கூடும். ஸ்விட்சை எங்கே வைத்தாலும் வேறொரு சிக்கல் வரும். ரெக்டிஃபயருக்கும் மின்னேற்றத்தைச் சேமிக்கும் முதல் கப்பாசிட்டருக்கும் நடுவே வைத்தால், சூடேறிய ஜிஇசட் 34 காலிக் கப்பாசிட்டரைத் திடீரென நிரப்ப வேண்டும். அதனுள் பொறி பறக்க அது போதும். கப்பாசிட்டருக்குப் பின்னே வைத்து, ஸ்டாண்ட்பை நிலையிலேயே மெயினை அணைத்தால், அதன் மின்னேற்றத்தை உறிஞ்ச வால்வுகள் இணைப்பில் இருக்காது. மூடியைத் திறப்பவரின் விரலுக்காக அது காத்திருக்கும்.

மியூட்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. டி.சி.யைத் தடுத்து ஒலி சிக்னலை மட்டும் கடத்தும் கப்ளிங் கப்பாசிட்டருக்குப் பின்னால் சிக்னலை எர்த்துக்கு இழுத்தால் போதும். சாதாரண ஸ்விட்சே வருடக்கணக்கில் உழைக்கும். இடைவேளை நீண்டால் மெயினையே அணைத்துவிடுகிறேன்.

மின்தடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். போன மின்சாரம் திரும்பும்போது ஸ்டாண்ட்பையைத் தள்ளிவிட ஆள் அருகில் இருக்கவேண்டும். ஜிஇசட் 34 ஆறியிருந்தால் தானே மெல்லச் சூடாகி மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிவிடும். மின்சாரம் சில விநாடிகளே போய்த் திரும்பினால் இந்தப் பாதுகாப்பு முழுமையாக இருக்காது. அதற்காகவே முதல் கப்பாசிட்டரை ஜிஇசட் 34-க்கான 60 மைக்ரோஃபாரட் வரம்புக்குக் கீழே வைத்து, அதன் இரு ஆனோடுகளிலும் (ஏ.சி. வந்து சேரும் முனைகள்) தொடர் மின்தடை சேர்த்திருக்கிறேன்.

ரெக்டிஃபயர் வால்வுக்குப் பதில் சிலிக்கான் டயோடு கொண்ட 50 வாட் ஆம்ப்ளிஃபயரை நான் கட்டியதில்லை. அதில் வால்வுகள் சூடாகுமுன்னே மின்னழுத்தம் உச்சத்துக்கு ஏறுவதால், கப்பாசிட்டர்களின் வோல்ட் அளவைச் சுமை இல்லாத நிலைக்கே கணக்கிட வேண்டும். அங்கே ஸ்டாண்ட்பைதான் வேண்டும் என்பவர்கள் ஒவ்வொரு ஃபில்டர் கப்பாசிட்டருக்கும் குறுக்கே, மின்னேற்றத்தை வடிக்க 220 கிலோஓம் மின்தடையைப் போட்டுவிடுங்கள். மூடியைத் திறந்தால் மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.