ரிட்டன்ஹவுஸா, புல்லட்டா?

இரண்டும் அமெரிக்க ரை விஸ்கிகள். ரை என்பது கோதுமை போன்ற ஒரு தானியம். அமெரிக்காவில் போத்தலில் ரை விஸ்கி என்று போட, 51 சதவீதம் ரை தானியம் இருந்தால் போதும். ரிட்டன்ஹவுஸ் அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது; மீதியில் பெரும்பங்கு மக்காச்சோளம். புல்லட் ரையில் 95 சதவீதம் ரை, 5 சதவீதம் முளைகட்டிய பார்லி. பெயர் ஒன்று, நாக்கில் தூரத்து உறவுதான்.

முதலில் ஆல்கஹால் அளவைச் சமப்படுத்துங்கள். ரிட்டன்ஹவுஸ் 50 சதவீதம், புல்லட் 45. 20 மில்லி ரிட்டன்ஹவுஸில் 2 மில்லி தண்ணீர், அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, விட்டால் ஏறக்குறைய ஒன்றாகும். இல்லையென்றால் எரிச்சலையே சுவை என்று எண்ணிவிடுவோம்.

சுங்கை சிப்புட் மத்தியான வெக்கையில் ஆவி குப்பென்று மூக்கைச் சுடும். போத்தலைக் கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். ஐஸ் வேண்டாம், வாசம் அடங்கிவிடும். ஒட்டுக்கடை சம்பாலுக்குப் பிறகு ருசி பார்ப்பதும் வீண்.

புல்லட்டில் புதினா, மிளகு, காய்ந்த புல் வாசம். விழுங்கியதும் வாய் வறண்டுவிடும். ரிட்டன்ஹவுஸில் கருப்பட்டி இனிப்பு, ஆரஞ்சுத் தோல், பட்டை. தொண்டையில் நெடுநேரம் நிற்கும். சோடாவுக்குப் புல்லட் சரி. தனியாகப் பருக ரிட்டன்ஹவுஸ்தான், சந்தேகமே இல்லை.