பெட்டியில் வரும் சைக்கிளா, கடையில் பொருத்திய சைக்கிளா?

கடந்த ஆண்டு இரண்டு மாத இடைவெளியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சைக்கிள்கள் வந்தன. மகனுக்கு இணையத்தில் வாங்கியது அட்டைப்பெட்டியில் வந்தது. மனைவிக்குக் கும்பகோணத்துக் கடையில் வாங்கியதை நானே மிதித்துக்கொண்டு வந்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே தரம். இணையத்தில் 1,200 ரூபாய் குறைவு. ஜி.எஸ்.டி.யில் வித்தியாசம் கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆனது இரண்டுக்கும்தான்.

"85 சதவீதம் பொருத்தப்பட்டது" என்றுதான் விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்தது. மீதி என்பது முன்சக்கரம், ஹேண்டில்பார், சீட்டு, பெடல், பிரேக். ஓட்டுகிறவரின் உயிர் தொங்குவது இவற்றில்தான். வலது பெடலைக் கடிகாரம் சுற்றும் திசையில் முறுக்க வேண்டும். இடது பெடலுக்கு மறை எதிர்த்திசை. இது தெரியாத என் மகன் இடது பெடலை ஸ்பேனர் போட்டு அழுத்தியதில், பெடல் மாட்டும் தண்டான கிராங்கின் மறையே வழித்துக்கொண்டு போனது. புதுக் கிராங்கும் கூலியுமாக 700 ரூபாய். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவையான ஃபோர்க்கை நேராகத் திருப்பாமலே சக்கரத்தை மாட்டி ஓட்டுகிறவர்களையும் தெருவில் பார்க்கிறேன். பெட்டியில் இடம் அடைக்காமலிருக்க ஃபோர்க்கைத் திருப்பி வைத்து அனுப்புவார்கள். அப்படியே ஓட்டினால் வண்டி நிலைகொள்ளாது. திரும்பும்போது கால் டயரில் இடிக்கும்.

கடையில் வாங்கியபோது கடைக்காரர் என் மனைவியைச் சட்டகத்தின் இருபுறமும் கால் போட்டு நிற்கச் சொன்னார். இரண்டு பாதமும் தரையில் பதிய, கம்பிக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தார். சீட்டை இறக்கினார், ரிம்மைச் சுழற்றிப் பெண்டு எடுத்தார். ஒரு மாதத்தில் ஸ்போக்ஸ் கம்பி தளரும், பிரேக் கேபிள் நீளும், கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுபோனோம், காசு வாங்கவில்லை. இணையப் பக்கத்திலோ 26, 27.5, 29 என்று சக்கர அளவுதான் பெரிதாகத் தெரிகிறது. உடம்புக்குப் பொருந்துவதைத் தீர்மானிக்கும் சட்டக அளவு எங்கோ அடியில் கிடக்கிறது. வளரும் பிள்ளைதானே என்று பெரிதாக வாங்கிவிடுகிறோம். கால் எட்டாத குழந்தை அவசரத்தில் எப்படி நிற்கும்?

கடையிலும் குறை உண்டு. எங்கள் ஊரில் கியர் வண்டி மூன்றே வகை. இருப்பதைத் தள்ளிவிடப் பார்க்கும் கடைகளும் இருக்கின்றன. பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கும், கிராமத்தில் தேர்வே இல்லாதவருக்கும் இணையம் நல்ல வழிதான்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, என் ஓட்டு அதற்கே. வண்டியை இணையத்தில் தேர்ந்துகொண்டு, அதே நிறுவனத்தின் உள்ளூர் முகவரிடம் வரவழைத்து வாங்குவது. 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. போன்ற பெயர்களுக்குச் சிறு நகரங்களிலும் முகவர்கள் உண்டு. கொஞ்சம் கூடுதலாகலாம். பொருத்தித் தருகிறவர் பில்லில் கையெழுத்துப் போடுகிறார். நாளை பிரேக் பிடிக்கவில்லை என்றால் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது.

பெட்டியில்தான் வாங்குவது என்று முடிவானால், பணம் கட்டுமுன் பக்கத்துத் தெரு மெக்கானிக்கிடம் பொருத்தித் தருவாரா, கூலி எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பின்பக்கக் கியர் தொங்கும் கொக்கி வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வழியில் அடிபடுவது பெரும்பாலும் அதுதான். எல்லாம் சரியென்று தெரியும்வரை அந்த அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள்.