கடலடித் தரைக்குக் கீழான அளவுகளும் சி.எஃப். பெயர்ப்பட்டியலும்: பயன்படுத்தியவரின் மதிப்பீடு

எங்கள் தர்மபுரிப் பக்கம் போர் போடும்போது, ஆழத்தை நிலமட்டத்திலிருந்து சொல்கிறார்களா, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கேசிங் குழாயின் வாயிலிருந்து சொல்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளாவிட்டால், மோட்டார் இறக்கும் நாளில் கணக்கு ஓரிரண்டு அடி இடிக்கும். கடலடி அளவுகளைக் கோப்பில் ஒழுங்குபடுத்தும் என் வேலையிலும் இதே கேள்விதான்; ஆனால் பிழை ஆயிரம் மீட்டருக்குப் போய்விடும். சென்ற மாதம் வந்த இரண்டு கோப்புகளிலும் ‘டெப்த்’ என்றே தலைப்பு இருந்தது. ஒன்றின் முதல் வரி 2.5, மற்றொன்றின் முதல் வரி 1043.5. முன்னது கடலடித் தரையிலிருந்தும் பின்னது கடல்மட்டத்திலிருந்தும் எடுத்தவை என்று உறுதிசெய்ய எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று.

இந்தக் குழப்பத்துக்காக நான் நாடுவது சி.எஃப். (கிளைமேட் அண்ட் ஃபோர்காஸ்ட்) மரபு; காலநிலை, கடல் தரவுக் கோப்புகளில் எந்த அளவை எப்படிக் குறிக்க வேண்டும் என்று வகுக்கும் பொது விதித்தொகுப்பு. அதன் முதல் பதிப்பு 2003இல் வந்தது. அதன் பெயர்ப்பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் விளக்கமும் அலகும் உண்டு. பெயர் மாறினாலும் பழையதை அழிக்காமல் மாற்றுப்பெயராக வைத்திருப்பதால் பழைய கோப்புகள் அநாதையாவதில்லை. கட்டணம் கிடையாது, புதிய பெயரை யாரும் முன்மொழியலாம். இவற்றுக்காக மனமாரப் பாராட்டுகிறேன்.

குறை, தரைக்குக் கீழே இறங்கியதும் தெரிகிறது. காற்றுக்கும் கடல்நீருக்கும் உள்ள பெயர்வளம் அங்கே மெலிந்துவிடுகிறது. ‘டெப்த்’ என்பதற்கு ‘மேற்பரப்பிலிருந்து கீழே உள்ள செங்குத்துத் தொலைவு’ என்பதே விளக்கம். வண்டல் அளந்தவருக்கு மேற்பரப்பு என்பது நீரின் மேலா, தரையின் மேலா என்பதை அது தீர்த்துவைப்பதில்லை.

இந்த இடத்தில், கடலடித் தரையைத் துளைத்து மண்ணையும் பாறையையும் எடுத்து ஆராயும் ஐ.ஓ.டி.பி. என்ற பன்னாட்டுத் திட்டத்தின் ஆழ அளவுகோல்கள் சிறந்தவை. 19.0 மீட்டரில் தொடங்கி 9.5 மீட்டர் துளைத்த உருளை மண், அழுத்தம் நீங்கி மேலே வரும்போது விரிந்து 9.8 மீட்டராகலாம். அடுத்த உருளை 28.5இல் தொடங்குவதால் 28.6 என்ற ஆழம் இருமுறை வரும். அந்த அளவுகோல்களில் சி.எஸ்.எஃப்.-ஏ என்பது இதை அப்படியே விடுகிறது, சி.எஸ்.எஃப்.-பி என்பது விரிந்த உருளையைத் துளைத்த நீளத்துக்குள் சுருக்குகிறது. எந்த முறை என்று பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

ஆகவே சி.எஃப். பட்டியலைப் பரிந்துரைக்கிறேன், ஆனால் அதன் பெயரை மட்டும் நம்பிக் கோப்பை அனுப்பிவிடக் கூடாது. நான் இப்போது, கோப்பில் விரிவான பெயர் எழுதும் ‘லாங் நேம்’ பகுதியில் ‘கடலடித் தரையிலிருந்து, சி.எஸ்.எஃப்.-ஏ முறையில்’ என்றும், ஆழம் கூடும் திசைக்கு ‘டவுன்’ (கீழ்நோக்கி) என்றும் எழுதாமல் எந்தக் கோப்பையும் மூடுவதில்லை.