22 வெள்ளி கலர் பிலிம்: வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

இணையச் சந்தையில் ஒரு கலர் பிலிம் ரோல் 22 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விற்கிறார்கள். "வேகம் 400, 36 படம், புதுச் சரக்கு, எந்தக் கடையிலும் கழுவலாம்" என்று போட்டிருக்கும். (வேகம் என்பது பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்று காட்டும் எண்.) டப்பியைச் சுற்றி மஞ்சளும் கறுப்புமாக அழகான ஸ்டிக்கர் இருக்கும். பிலிமைத் தயாரித்த கம்பெனியின் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது. அந்த ரோல்களை நம்பி, கெடாவில் பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்த கடைசித் தீமிதியின் படங்களைப் பறிகொடுத்துவிட்டேன். நம் பிள்ளைகள் பலர் இப்போது பிலிம் கேமராவைத் தேடிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். அவர்களும் ஏமாறக் கூடாது என்பதால்தான் விவரமாக எழுதுகிறேன்.

மலிவாகத் தேடுவதில் தப்பே இல்லை. கோடாக் கலர்பிளஸ் 200, ஒரு காலத்தில் ஏழைக்கேற்ற பிலிம் என்று பெயர் வாங்கியது, இன்று 40 வெள்ளிப் பக்கம் நிற்கிறது. நம் பட்டணத்தில் பிலிம் கழுவும் கடை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. கழுவ பினாங்குக்குத்தான் அனுப்ப வேண்டும். கழுவும் கூலி, ஸ்கேன், தபால் செலவு எல்லாம் சேர்த்தால், தோட்டத்திலும் ஆலையிலும் சம்பளம் வாங்குகிறவனுக்கு ஒவ்வொரு படமும் கணக்குப் பார்த்து எடுக்க வேண்டியதுதான். பாதி விலையில் பிலிம் கிடைக்கிறது என்றால் யாருக்கும் கை போகும்.

நானும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மொத்தமாக வாங்கினேன். முதலில் ஒரு ரோல் வரவழைத்து, செம்பனை நிழல், கோயில் கோபுரம், அத்தை வீட்டு வாசல் என்று எல்லா வெளிச்சத்திலும் எடுத்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. தோல் நிறம் சரியாக வந்திருந்தது. வானம் வானமாக இருந்தது. நெகட்டிவின் விளிம்பில் சாதாரண கோடாக் ஸ்டில் பிலிமின் எழுத்துகள் தெரிந்தன. சரி, பெரிய சுருளை வாங்கி வெட்டி டப்பியில் சுற்றி விற்கிறார்கள் போலிருக்கிறது, சரக்கு நல்ல சரக்குதான் என்று முடிவுக்கு வந்தேன். அப்புறம்தான் திருவிழாவுக்காக மொத்தமாக வாங்கினேன். அதே கடை, அதே ஸ்டிக்கர், அதே விலை. உள்ளே இருந்தது மட்டும் வேறு பிலிம்.

இந்த ஏமாற்றில் எல்லாரும் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கம்பெனி பிலிமின் பெட்டியில் காலாவதித் தேதியும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் அச்சாகியிருக்கும். ஒரு ரோலைச் சோதித்துவிட்டு அதே தொகுதியில் இன்னும் நான்கு வாங்கினால், நான்கும் அந்த ஒன்றைப் போலவே நடக்கும். ஸ்டிக்கர் ஒட்டிய டப்பியில் அந்த எண் கிடையாது. அதனால் ஒரு ரோல் நன்றாக வந்தது என்பதற்கு அந்த ஒரு ரோல் நன்றாக வந்தது என்று மட்டும்தான் பொருள். அடுத்த ரோலைப் பற்றி அது எதையும் சொல்லாது.

அந்தத் தோட்டத்தை வீடமைப்புக்கு எடுத்துவிட்டார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பாதி வீடுகள் ஏற்கெனவே காலி. மாரியம்மன் கோயிலை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள். ஆகவே பழைய இடத்தில் அதுதான் கடைசித் திருவிழா. சுங்கைப்பட்டாணி, கூலிம், பினாங்கு என்று பிரிந்து போன குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. பால்வெட்டிய காலத்துப் பாட்டிகள் மஞ்சள் சேலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கையில் போன் வைத்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் கோயில் கமிட்டி என்னிடம் கேட்டது, புதுக் கோயில் மண்டபத்தில் பெரிதாகச் சட்டம் போட்டு மாட்டப் பிலிம் படம் வேண்டும் என்று. பழைய மண்டபத்தில் தொங்கிய அறுபது எழுபதுகளின் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டுவதாகத் திட்டம்.

குண்டம் இறங்கும் நேரத்தில் முதல் அடி விழுந்தது. ஸ்டிக்கரில் 36 படம் என்று இருந்த ரோல், எண் 29-ஐத் தாண்டியதும் இறுகியது. அடுத்த நொடி லீவர் எந்தப் பிடிப்பும் இல்லாமல் சும்மா சுழன்றது. டப்பிக்குள் பிலிமின் வால் வெறும் செலோ டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. அந்த டேப் பிய்ந்துகொண்டு வர, பிலிம் முழுவதும் கேமராவுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதைத் திரும்பச் சுருட்டி டப்பிக்குள் கொண்டுவர வழியில்லை. கேமராவின் முதுகைத் திறந்தால் எல்லாம் வெளிச்சம் பட்டு அழிந்துவிடும். கேமராவை அப்படியே துணியில் சுற்றி வைத்துவிட்டு, தம்பி மகனிடம் இருந்த சின்ன ஆட்டோமேட்டிக் கேமராவில் அதே ஸ்டிக்கர் ஒட்டிய இன்னொரு ரோலைப் போட்டு மிச்சத்தை எடுத்தேன்.

சுங்கைப்பட்டாணியில் கொம்யூட்டர் ரயில் ஏறி, பட்டர்வொர்த்தில் ஃபெரி பிடித்து, கேமராவையும் மற்ற ரோல்களையும் பினாங்கு லேப்பில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்டிக்கரில் சி-41 (சாதாரணக் கலர் பிலிமைக் கழுவும் முறை) என்று போட்டிருந்ததால், லேப் முதலாளியான தவுக்கே முதல் ரோலை நம்பி மெஷினில் விட்டுவிட்டார். மறுநாள் அவரிடமிருந்து போன். ரோலர் எல்லாம் கறுப்புச் சேறு, டெவலப்பர் தொட்டியில் கரித்துகள் மிதக்கிறது, பின்னாலேயே போன வேறு ஒருவரின் கல்யாண பிலிமிலும் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கிறது என்றார். தொட்டியை வடித்து மருந்தை மாற்ற வேண்டியதாகிவிட்டது. என் மேல் அவர் கோபப்படவில்லை. ஆனால் இனி பெட்டியோடு வராத பிலிமைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் கல்யாண வீட்டுக்காரரை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அவர் 22 வெள்ளி ரோல் எதையும் வாங்கவில்லை.

உள்ளே இருந்தது சினிமா பிலிம். திரைப்படக் கேமராவுக்கான கலர் நெகட்டிவின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கும். வெளிச்சம் உள்ளே பிரதிபலித்துச் சிவப்பு வளையம் விழாமலும், நொடிக்கு 24 படம் ஓடும்போது கீறலும் நிலைமின்சாரமும் வராமலும் அது தடுக்கிறது. அந்தப் பிலிமை இசிஎன்-2 என்ற சினிமா பிலிம் கழுவும் முறையில், பூச்சை முதலில் கழற்றிவிட்டு, 41.1 டிகிரி செல்சியஸ் டெவலப்பரில் கழுவ வேண்டும். கடைகளில் இருக்கும் சி-41 மெஷின் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 நொடி டெவலப் செய்கிறது. அதன் மருந்தும் வேறு. கரிப்பூச்சைக் கழற்றும் வசதி அதில் கிடையாது. மெஷினில் போன ரோலின் விளிம்பில் 5219 என்ற எண் தெளிவாக இருந்தது. அது கோடாக் விஷன்3 500T. 2007-ல் வந்தது, நல்ல பிலிம்தான். ஆனால் அது 3200 கெல்வின் எனப்படும் மஞ்சள் சாயல் விளக்கு வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டது. பகலில் 85-ஆம் எண் ஆரஞ்சு ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் எல்லாம் நீலம் பூசிவிடும். என் டப்பியிலோ "பகல் வெளிச்சம், 400" என்று இருந்தது.

மிச்ச ரோல்களைத் தவுக்கே வெந்நீரில் சோடா மாவு கலந்து, கரியைக் கையாலேயே கழற்றிக் கழுவிக் கொடுத்தார். படம் விழுந்திருந்தது. ஆனால் சரக்கு பழையது, வெயிலில் எங்கோ கிடந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் புகை படிந்து சாம்பலாக இருந்தது. பாட்டிகளின் மஞ்சள் சேலை பாசி நிறத்தில் வந்தது. குங்குமம் ஊதாவாகிவிட்டது. தழல் மேல் நடப்பவர்களின் முகம் நீலமாகத் தெரிந்தது. ஸ்கேனில் ஒரு நிறத்தைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. வெளிச்சப் பகுதி ஒரு பக்கமும் நிழல் பகுதி இன்னொரு பக்கமும் இழுக்கிறது. கமிட்டித் தலைவரிடம் அதைக் காட்டும்போது அவர் எதுவும் சொல்லவில்லை, என்னிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

விற்றவரிடம் புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டேன். நம்மவர்தான். முதலில், "அண்ணே, லேப்புக்காரன் தப்பா கழுவியிருப்பான்" என்றார். 5219 என்ற எண் தெரியும் படத்தை அனுப்பினேன். "சினிமா பிலிம்தான் அண்ணே, அதுதான் இப்ப டிரெண்ட்" என்றார். பிறகு ஏன் எந்தக் கடையிலும் கழுவலாம் என்று போட்டீர்கள் என்று கேட்டதற்கு, "22 வெள்ளிக்கு வாங்கிட்டு இவ்வளவு கேள்வி கேக்கறீங்களே" என்று பதில் வந்தது. அன்றிரவே அந்த விற்பனைப் பக்கத்தைக் காணோம். கொஞ்ச நாள் கழித்து வேறு கடைப் பெயரில், வேறு நிற ஸ்டிக்கரில், அதே வாசகம் திரும்ப வந்திருக்கிறது. "எந்தக் கடையிலும் கழுவலாம்" என்ற வரியும் அப்படியே இருக்கிறது.

ஆகவே, கையில் ரோல் வந்ததும் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள். என்னிடம் மிச்சமிருந்த டப்பியில் கீழே வேறு கம்பெனியின் அச்சு இருந்தது. யாரோ கழுவக் கொடுத்துத் தூக்கிப் போட்ட பழைய டப்பி. டப்பியின் பக்கத்தில் இருக்கும் வெள்ளி நிற, கறுப்பு நிறக் கட்டங்கள்தான் வேகத்தைக் கேமராவுக்குச் சொல்பவை. அவை 200 என்று சொல்ல, மேலே 400 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், ஆட்டோமேட்டிக் கேமரா கட்டத்தைத்தான் நம்பும். ஸ்டிக்கர் அந்தக் கட்டங்களை மூடியிருந்தால் பல சின்னக் கேமராக்கள் 100 என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்து, வெளியே நீட்டியிருக்கும் பிலிமின் முதுகைப் பாருங்கள். சாதாரணக் கலர் நெகட்டிவின் முதுகு பளபளப்பாக இருக்கும். மங்கலான கரிக்கறுப்பாக இருந்தால் ரெம்ஜெட். சோடா மாவு கரைத்த தண்ணீரில் விரலை நனைத்துத் தேய்த்தால் கறுப்பு விரலில் வந்துவிடும். பக்கத்து ஓட்டைகளையும் கவனியுங்கள்: ஸ்டில் பிலிமில் அவை மூலை மழுங்கிய செவ்வகமாக இருக்கும், சினிமா நெகட்டிவில் பெரும்பாலும் இருபக்கமும் வளைந்திருக்கும். கோடாக் 2025-ல் ரெம்ஜெட் இல்லாத சினிமா பிலிமுக்கு மாறத் தொடங்கிவிட்டது. அதனால் முதுகு கறுப்பாக இல்லை என்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். அதற்கும் உரிய மருந்து இசிஎன்-2தான்.

சினிமா பிலிமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. சினிஸ்டில் போன்ற கம்பெனிகள் கரிப்பூச்சைக் கழற்றியே விற்றுப் பெயர் வாங்கியிருக்கின்றன. "ரெம்ஜெட் உண்டு, இசிஎன்-2 லேப்புக்கு மட்டும்" என்று எழுதி விற்கும் நேர்மையான சின்ன வியாபாரிகளும் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கி, கழுவத் தெரிந்த இடத்தில் கொடுத்தால் படம் அருமையாக வரும். மறைத்து விற்பதுதான் அயோக்கியத்தனம். கல்யாணம், கருமாதி, கோயில் காரியம் என்று திரும்ப எடுக்க முடியாதவற்றுக்குப் பெட்டியோடு வரும் பிலிமையே போடுங்கள். ரோல் குறைந்தாலும் பரவாயில்லை.

நான் பயனீட்டாளர் டிரிபியூனலில் (நடுவர் மன்றத்தில்) மனு கொடுக்கப் போகிறேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. கோரிக்கைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் விற்றவரின் பெயரும் முகவரியும் வேண்டும், இந்த ஆட்கள் அதைத்தான் மறைக்கிறார்கள். இணையத்தில் விற்பவர் தன் பெயரையும் தொடர்பு விவரங்களையும் காட்ட வேண்டும் என்பது சட்டம். எனக்கு வந்த பார்சலின் மேல் ஒட்டியிருந்த அனுப்புநர் முகவரியைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அதுதான் இப்போது கையில் இருக்கும் ஒரே பிடி. பார்சல் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். விற்பனைப் பக்கத்தையும் பணம் கட்டிய ரசீதையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், சண்டை வந்த பிறகு தேடினால் அந்தப் பக்கம் இருக்காது.

கெடாவிலோ பினாங்கிலோ இதே மஞ்சள் கறுப்பு ஸ்டிக்கர் ரோலை வாங்கியவர்கள் இருந்தால், கழுவுவதற்கு முன் உங்கள் லேப்புக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். பார்சல் உறை இன்னும் வீட்டில் இருந்தால் அனுப்புநர் முகவரியை எனக்கும் அனுப்புங்கள், என்னிடம் இருப்பதோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.